புள்ளியின் மேல் போகும் கோடு

சவரி,

நலமா என்று கேட்டுத் தொடங்கப் போவதில்லை. நலமில்லை என்று நீயே நாலு பக்கத்துக்கு எழுதிவிட்டாய். கிளாஸ்கோவில் மத்தியானம் மூன்றரைக்கே விளக்குப் போட்டுவிடுகிறார்கள், சூரியன் என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை, விரல் விறைத்துப் பேனா நிற்க மாட்டேன் என்கிறது, சர்க்கார் அனுப்பிய படிப்பும் வேண்டாம் அதற்கப்புறம் வரும் உத்தியோகமும் வேண்டாம், கப்பலில் இடம் கேட்கப் போகிறேன், செஞ்சி தாலுகா ஆபீசில் குமாஸ்தா வேலை ஏதாவது காலி இருக்கிறதா என்று நைனாவை விசாரிக்கச் சொல். இவ்வளவுதான் உன் கடிதம். டிசம்பர் தொடக்கத்தில் நீ எழுதியது, கப்பல் தபாலில் ஆடி அசைந்து கிறிஸ்துமஸ் முடிந்த வாரத்தில் வந்து சேர்ந்தது. உன் நைனா மாதா கோயில் மணியை அடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் படிக்கப் படிக்கக் கேட்டார். கடைசியில் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, "வரச் சொல்லிடு. நம்ம புள்ள அங்க கெடந்து இருட்டுல சாவணுமா? இன்னா பெரிய படிப்பு" என்றார். நானும் தலையை ஆட்டினேன். அந்த நிமிஷம் பேனாவில் மை இருந்திருந்தால் 'வா' என்ற ஒற்றை எழுத்தை எழுதி அனுப்பியிருப்பேன். நல்ல வேளையாக மை வறண்டு கிடந்தது. கடைத்தெருவுக்குப் போய் மை வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

குளிருகிறது என்றாய், அது பொய்யில்லை. தனியாக இருக்கிறேன் என்றாய், அதுவும் பொய்யில்லை. அதற்காக உன்னைக் கோபித்துக்கொள்ள நான் கல் இல்லை. என் கோபம் உன் கணக்கின் மேல். ஊருக்கெல்லாம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன், எட்டாவதோடு நின்றுபோன தாய்க்கே ஸைன் கோடும் கொசைன் கோடும் சொல்லிக்கொடுத்தவன், தன் விஷயம் என்று வந்ததும் கூட்டல் கழித்தல் தெரியாதவன் மாதிரி எழுதியிருக்கிறாயே என்றுதான். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். வராதே. மார்ச் மாதம் இருபத்தொன்றாம் தேதி வரைக்கும், வருகிறேன் என்று எனக்கும் எழுதாதே, கப்பல் கம்பெனிக்கும் எழுதாதே. ஏன் அந்தத் தேதி என்று கேட்பாய். காரணம் என்னுடையது இல்லை. எல்லாம் நீ நம் வாசலில் போட்டுக் காட்டியதுதான், உனக்கே திருப்பி அனுப்புகிறேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது, ஞாபகம் இருக்கும். கடலூரில் இன்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்தாய். லீவுக்கு வந்தவன் கட்டம் போட்ட காகிதம் கேட்டுச் செஞ்சி கடைத்தெரு முழுக்க அலைந்தாய். மளிகை கட்டித் தரவே காகிதம் இல்லாத நாளில் உனக்குக் கட்டம் போட்டு யார் வைத்திருப்பார்கள்? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தவன், நான் கோலத்துக்குப் புள்ளி வைப்பதைப் பார்த்ததும் நின்றாய். "யம்மா, வாசல் பூரா வரிசையா புள்ளி வச்சிக் குடு. எனக்கு அது போதும்" என்றாய். வைத்துக் கொடுத்தேன். நடுவில் நீளமாக ஒரு கோடு இழுத்தாய். எந்தெந்தப் புள்ளி வழியாக உன் வளைவு போகவேண்டுமோ அந்தப் புள்ளிகளின் மேல் செங்கல் பொடி தூவினாய். நைனா சாப்பிடக் கூப்பிட்டதும் உள்ளே போனாய். பாவம், பிள்ளை சாப்பிட்டு வருவதற்குள் நாமே இழுத்து வைப்போம் என்று நான் கோலமாவை எடுத்தேன்.

நீ கை கழுவிய ஈரத்தோடு ஓடி வந்து பார்த்து, "இன்னாம்மா இது!" என்று தலையில் அடித்துக்கொண்டாய். எனக்கு விளங்கவில்லை. அழகாகத்தான் இருந்தது. சிக்குக் கோலம் போட்ட கை, புள்ளியைத் தொடுமா? ஒவ்வொரு சிவப்புப் புள்ளிக்கும் வெளியே வளைத்து, மேலே இருக்கும் புள்ளியை மேலாகச் சுற்றி, கீழே இருக்கும் புள்ளியைக் கீழாகச் சுற்றிக் கொண்டுபோய், கடைசியில் ஆரம்பித்த இடத்திலேயே கோட்டை மூடியும் வைத்திருந்தேன். "புள்ளிய மிதிச்சா கோலம் கெட்டுப்பூடும்டா" என்றேன். "இது கோலம் இல்லம்மா. கோடு புள்ளி மேலதான் போவணும். நீ சுத்திப் போனதால மேட்ட இன்னும் மேல தூக்கிட்ட, பள்ளத்த இன்னும் கீழ எறக்கிட்ட. மூடவும் கூடாது. இது போய்க்கினே இருக்கும்" என்றாய். பிறகு சிரிப்பு வந்துவிட்டது உனக்கு. "எங்க வாத்தியார் பார்த்தா ஆம்ப்ளிடியூடு தப்புன்னு சைபர் போடுவாரு" என்றாய். எனக்கு ரோஷம் வந்தது. அது என்ன பெரிய ஆம்ப்ளிடியூடு, சொல்லு பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். அப்படித்தான் தொடங்கியது நம் படிப்பு.

புத்தகத்துக் கோடு என் தலையில் ஏறவில்லை. அதனால் பக்கத்து வீட்டுப் பவுனம்மாளிடம் பஞ்சாங்கம் வாங்கி வந்து, நம் ஊரில் மாதாமாதம் பகல் எவ்வளவு நீளம் என்று புள்ளி வைத்துக் காட்டினாய். நடுக்கோடு பன்னிரண்டு மணி நேரம். ஜூனில் அதற்கு மேலே முக்கால் மணி, டிசம்பரில் கீழே முக்கால் மணி. நடுக்கோட்டிலிருந்து உச்சி எவ்வளவு உயரமோ அதுதான் ஆம்ப்ளிடியூடு என்றாய். நான் அதை வீச்சு என்று வைத்துக்கொண்டேன். ஓர் உச்சியிலிருந்து அடுத்த உச்சி வரும் வரைக்கும் ஒரு சுற்று, அதற்கு ஆகும் காலம்தான் பீரியட், நம் கோட்டுக்கு அது ஒரு வருஷம். ஸைனும் கொசைனும் இரண்டு ஜாதியோ என்று பயந்துகொண்டிருந்தேன். இரண்டும் ஒரே கோடுதான், நடுக்கோட்டில் நின்று மேலே ஏறத் தொடங்கினால் ஸைன், உச்சியில் நின்று தொடங்கினால் கொசைன், கால் சுற்று நகர்த்தி வைத்தால் இது அதுவாகிவிடும் என்று சொன்னாய். எங்கே நின்று எண்ணத் தொடங்குகிறோம் என்பதுதான் வித்தியாசம். இதைச் சொன்னவன் நீ. மறந்துவிட்டாய் போலிருக்கிறது, அதனால்தான் திரும்பச் சொல்கிறேன்.

அந்த யுத்தத்திலேயே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கச் சொல்லி உத்தரவு வந்ததே, அந்தக் கூத்தும் இந்தப் பாடத்தில் சேர்ந்ததுதான். நைனா புதுக் கடிகாரத்தைப் பார்த்துச் சாயங்கால ஆறு மணிக்குத் திரிகால செபத்துக்கு மணி அடித்தார். வெயில் இன்னும் வயலில் கிடந்தது. நடவு ஆட்கள் மணி கேட்டதும் கையைக் கழுவிக்கொண்டு கரையேறிவிட்டார்கள். நிலத்துக்காரர்கள் கோயிலுக்கே வந்து, "இன்னாய்யா மணி அடிக்கிற, பொழுது எங்க இருக்குது பாரு" என்று உன் நைனாவைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் பாவம், "நான் இன்னா பண்ணுவேன், கடியாரம் சொல்லுது" என்றார். நீ மட்டும் கைகொட்டிச் சிரித்தாய். பொழுது சாயும் நேரத்தை ஒரு கோடாகப் போட்டு, அதையே அப்படியே ஒரு மணி உயரத்துக்குத் தூக்கிப் போட்டுக் காட்டினாய். மேடும் மாறவில்லை, பள்ளமும் மாறவில்லை, கோடு மட்டும் மொத்தமாக மேலே ஏறி உட்கார்ந்திருந்தது. நடுக்கோட்டை எங்கே தூக்கி வைத்தாலும் வீச்சு கூடவே வரும் என்றாய். அந்த வாக்கியத்தைப் பத்திரமாக வைத்துக்கொள். கிளாஸ்கோவிலிருந்து உன்னைத் தூக்கித் தாலுகா ஆபீஸ் நாற்காலியில் வைத்துவிட்டால் உன் மேடு பள்ளமெல்லாம் சமமாகிவிடும் என்று நினைக்கிறாய் பார், அதற்குப் பதில் இதுதான்.

கடலூர் போன புதிதிலும் நீ இப்படித்தான் எழுதினாய். சோறு ஆகவில்லை, தூக்கம் வரவில்லை, ஒருவனும் பேசுவதில்லை, வந்துவிடுகிறேன் என்று. கடிதம் வந்த அன்றே நைனா கருவாடும் வேட்டியும் மூட்டை கட்டிக்கொண்டு பஸ் ஏறினார். ஹாஸ்டல் வாசலில் போய் நின்றால், நீ முட்டியெல்லாம் புழுதியோடு பந்து விளையாடிவிட்டு நாலு பேரோடு கத்திக்கொண்டு வருகிறாய். "இன்னா நைனா, எதுக்கு வந்த?" என்று கேட்டாயாம். மனுஷன் மூட்டையைக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பி வந்துவிட்டார். நம் மலையைப் பார்த்திருக்கிறாயே. உச்சி வெயில் பன்னிரண்டு மணிக்கு, ஆனால் ராஜகிரிப் பாறை கொதிப்பது சாயங்காலம்தான். பொழுது சாய்ந்த பிறகும் காற்று அனலாக இருக்கும். வெயிலின் கோட்டையே எடுத்துச் சற்று வலது பக்கம் நகர்த்தி வைத்தால் பாறையின் கோடு என்று நீதான் சொன்னாய். உன் கஷ்டம் வெயில் என்றால் நாங்கள் பாறை. நீ தேறி எழுந்த பிறகுதான் இங்கே எங்களுக்குச் சூடு தலைக்கேறுகிறது. இந்தத் தடவை நடுவில் ஒரு கடலே கிடக்கிறது, கோடு தள்ளிப்போவதும் இன்னும் அதிகம். நீ அழுத அழுகைக்கு நான் இன்றைக்கு 'வா' என்று எழுதினால், அது பிப்ரவரியில் போய் எந்தச் சவரியின் கையில் விழும் என்று எனக்குத் தெரியுமா?

சரி, இப்போது உன் கோட்டுக்கு வருகிறேன். கிறிஸ்துமஸை ஒட்டி அங்கே பகல் ஏழு மணி நேரம்தான் என்று இதே கடிதத்தில் எழுதியிருந்தாய். எனக்கு அது ஒன்று போதும். நடுக்கோடு எந்த ஊருக்கும் பன்னிரண்டு. அப்படியானால் உன் வீச்சு ஐந்து மணி. பீரியட் நமக்கும் உனக்கும் ஒன்றேதான், அந்தச் சூரியன் வேறு, இந்தச் சூரியன் வேறு இல்லையே. உன் கடிதம் வந்த மறுநாள் விடிந்ததும் வாசல் தெளித்து, புள்ளி வைத்து, அந்தக் கோட்டைப் போட்டுப் பார்த்தேன். பவுனம்மாள் குடத்தோடு நின்று, "இன்னாக்கா இது, எங்க ஆரம்பிச்சி எங்க முடியுது? மூடவே இல்லியே" என்றாள். முடியாதுடி, அதுதான் விஷயம் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தண்ணீருக்குப் போனாள். நான் மட்டும் நின்று பார்த்தேன். பார்த்ததும் உன் தப்பு எங்கே என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நீ அங்கே போய் இறங்கியது செப்டம்பர் கடைசியில். அன்றைக்குக் கோடு சரியாக நடுவில் நின்று கீழே இறங்கத் தொடங்கிய சமயம். அன்றையிலிருந்து நீ பார்த்ததெல்லாம் இறக்கம், இறக்கம், இறக்கம். கால் சுற்றுதான் பார்த்திருக்கிறாய், மகனே. முழுச் சுற்றில் மிச்சம் முக்கால் பங்கை நீ கண்ணால் கண்டதே இல்லை. அந்தக் கால் பங்கையே முழுசு என்று நினைத்துக்கொண்டாய். ஒருநாள் மாவு தீர்ந்துபோய் நான் பாதியில் நிறுத்திவிட்டு, "இது கீழதான்டா போவுது" என்றபோது, "ஒரு சுத்து முடியாம இன்னாத்தச் சொல்ல முடியும், சும்மா இரும்மா" என்று என்னை அதட்டினாய். இப்போது நான் உன்னை அதட்டுகிறேன். சும்மா இரு. இன்னொன்றும் பார்த்தேன். கோடு அடியில் இருக்கும்போது நகருவதே தெரிவதில்லை. டிசம்பர் முழுக்கவும் ஜனவரியில் பாதியும் அங்கேயே படுத்துக்கொண்டிருக்கிறது. நீ அந்த இடத்தில் உட்கார்ந்துதான் கடிதம் எழுதியிருக்கிறாய். இனிமேல் விடியவே விடியாது என்று தோன்றத்தான் செய்யும். ஆனால் அதே கோடு நடுவை நெருங்கும்போது எப்படி ஓடுகிறது தெரியுமா? மார்ச்சில் வாரத்துக்கு அரை மணிக்கு மேல் பகல் நீளும். ஜூனில் பதினேழு மணி நேரம் உனக்கு வெளிச்சம். நமக்கு இந்த ஜென்மத்தில் கிடைக்காத பகல் அது. நம் ஊரில் முக்கால் மணிப் பள்ளம், முக்கால் மணி மேடு. உனக்கு ஐந்து மணிப் பள்ளம் கொடுத்தவன் ஐந்து மணி மேட்டையும் வைத்திருக்கிறான். பள்ளத்தை மட்டும் முழுசாக வாங்கிக்கொண்டு, மேடு வருவதற்குள் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஓடிவருகிறவனை என்ன சொல்வது?

உன் கடிதத்தை மறுபடியும் படித்தேன், இந்த முறை அழாமல். சூரியனே இல்லை என்கிறாய், அடுத்த பக்கத்தில் ஏழு மணி நேரப் பகல் என்கிறாய். ஒருவனும் பேசுவதில்லை என்கிறாய், வீட்டுக்காரக் கிழவி சுடுதண்ணீர்ப் பையைப் போர்வைக்குள் வைத்துவிட்டுப் போகிறாள் என்கிறாய். படிப்பு மண்டையில் ஏறவில்லை என்கிறாய், பட்டறையில் உன் வேலையைப் பார்த்து மேஸ்திரி மெச்சித் தலையசைத்தார் என்கிறாய். நீயும் புள்ளியைச் சுற்றிப் போட்டிருக்கிறாய், சவரி. இருக்கிற பள்ளம் போதாது என்று அதற்கும் கீழே வளைத்துக்கொண்டு போயிருக்கிறாய். என் வயிற்றில் பிறந்தவன்தானே, கை அப்படித்தான் போகும். புள்ளி ஏழில் இருந்தால் கோடு ஏழின் மேல் போகட்டும். அதற்குக் கீழே இழுக்காதே. அந்த ஏழு மணி நேரத்திலும் நீ பட்டறைக்குள்ளேயே கிடக்கிறாய் என்று தெரிகிறது. மத்தியானச் சாப்பாட்டு வேளையில் கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்து நட. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அறைக்கு ஓடாமல் யாரோடாவது பேசு, உன் இங்கிலீஷைக் கேட்டுச் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். அறையில் கணப்புக்குக் கரி ரேஷன் என்றால் சமையற்கட்டில் கிழவியோடு உட்கார்ந்து படி. ஒன்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. உடம்பு நிஜமாகவே கெட்டு, டாக்டர் திரும்பிப் போ என்று சொன்னால், கணக்கு கிடக்கட்டும், அன்றைக்கே தந்தி கொடு, அன்றைக்கே கிளம்பு. உன்னைவிட எனக்கு எந்தக் கோடும் பெரியதில்லை.

உன் நைனா தாலுகா ஆபீசில் விசாரிக்கவில்லை. நான் விடவில்லை. இரண்டு நாள் என்னோடு முறைத்துக்கொண்டிருந்தார். "உனுக்குக் கல்லு மனசுடி" என்றார். வாசலில் போட்ட கோடு மறுநாள் பெருக்கும்போது போய்விடும் என்று, உள்சுவரில் கரித்துண்டால் பெரிதாக ஒன்று போட்டு அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். இது பிள்ளை இறங்கிய இடம், இது கடிதம் எழுதிய இடம், இது இன்றைக்கு நிற்கிற இடம் என்றேன். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு விரலை வைத்து மெதுவாக வலது பக்கம் கொண்டுபோனார். அது ஏறத் தொடங்கியதும், "ஓ" என்றார். அவ்வளவுதான் சொன்னார். இப்போதெல்லாம் சாயங்கால மணி அடித்துவிட்டு வந்ததும் சட்டையைக் கழற்றும் முன்னால் சுவரண்டைதான் போகிறார். "இப்ப எங்க வந்துருக்கான்?" என்று கேட்கிறார். நான் காட்டுகிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும் நாளுக்கு அவர் ஓர் அடையாளம் வைத்திருக்கிறார். என் கோட்டின்படி அன்றைக்கு உன் பகல் எட்டரை மணியாவது இருக்கவேண்டும். ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு இந்த இடத்தை இன்னொரு தடவை படி.

நீ போன நாளிலிருந்து நானும் நடுக்கோட்டுக்கு மேலே இல்லை. உன் தட்டை எடுத்துக் கழுவிக் கழுவி வைக்கிறேன், அதில் யாரும் சாப்பிடுவதில்லை. யாராவது வாசலில் செருப்பைக் கழற்றினால் நீதானோ என்று எழுந்துவிடுகிறேன். நீ வரவேண்டும் என்று என்னைவிட ஆசைப்படுகிறவர் இந்த உலகத்தில் கிடையாது. அதனால்தான் இந்த முடிவு உனக்கு மட்டும் இல்லை, எனக்கும் சேர்த்துத்தான். பள்ளத்தில் நின்றுகொண்டு நீ எழுதினாய். பள்ளத்தில் நின்றுகொண்டு நான் பதில் எழுதியிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து உன் வாழ்க்கையைக் குழிக்குள் போட்டு மூடியிருப்போம்.

மார்ச் இருபத்தொன்றாம் தேதிக்குச் சுவரில் செங்கல் பொடியைக் குழைத்து ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறேன். உன் கோடும், அதனோடு சேர்த்துப் போட்ட செஞ்சியின் கோடும் அந்த ஒரு புள்ளியில் ஒன்றின் மேல் ஒன்று போகின்றன. அன்றைக்கு உனக்கும் பன்னிரண்டு மணி, எனக்கும் பன்னிரண்டு மணி. அன்றைக்குச் சாயங்காலம், விளக்குப் போடும் முன்னால் உட்கார்ந்து எழுது. இருக்கிறேன் என்று எழுதினாலும் சரி, வருகிறேன் என்று எழுதினாலும் சரி. வருகிறேன் என்றால் திண்டிவனம் ஸ்டேஷனுக்கு நைனாவை அனுப்ப மாட்டேன், நானே வந்து நிற்பேன், ஏன் வந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். ஆனால் அந்தப் புள்ளி வரைக்கும் வந்து காட்டு.

அதுவரைக்கும் நானும் உன்னை வா என்று எழுத மாட்டேன். கை துடிக்கிறது, சவரி. எழுத மாட்டேன்.

உன் அம்மா